ராவென்னாவில் இரண்டு இரவு: மொசைக் நகரத்துக்குப் பயணத் திட்டம் போடுவது எப்படி?

இத்தாலியில் ஒரு சிறிய ஊரை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது ராவென்னாவைத்தான். கி.பி. 402-இல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரம் மிலானிலிருந்து இங்கே வந்தது. பிறகு கோத் மன்னர் தியோடோரிக் ஆண்டார்; அவருக்குப் பின் பைசாந்தியர்கள், அதாவது கிழக்கு ரோமப் பேரரசினர். சிறு கண்ணாடி, கல் சில்லுகளைப் பதித்து உருவாக்கும் மொசைக் ஓவியங்களுக்குப் பேர்போன அந்தக் காலத்துக் கட்டடங்களில் எட்டை 1996-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. காலையில் பக்கத்துப் பெரிய நகரமான போலோன்யாவிலிருந்து வந்து மாலையில் திரும்பினால் பாதியைத்தான் பார்க்க முடியும், அதுவும் ஓட்டமாக. அதனால் இரண்டு இரவு தங்குங்கள்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை நல்லது. ஜூலை, ஆகஸ்டில் பக்கத்துக் கடற்கரைகளுக்கு வரும் கூட்டத்தால் அறை வாடகை ஏறும். இத்தாலியில் விடுமுறை நாளான ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் பல கடைகள் மூடிக் கிடக்கும். போர்த்தோ கொர்சினி துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் நிற்கும் நாட்களில் முற்பகல் முழுக்க நெரிசல்தான். கப்பல் அட்டவணை இணையத்தில் கிடைக்கும், பார்த்துவிடுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

2. அறைக்கு முன்பே நுழைவு நேரத்தைப் பிடியுங்கள்

திட்டம் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். சான் விட்டாலே தேவாலயம், காலா பிளாசிடியா கல்லறை, நியோனியன் ஞானஸ்நான மண்டபம், பேராயர் சிற்றாலயம், சாந்த் அப்போலினாரே நுவோவோ தேவாலயம் ஆகிய ஐந்தும் மறைமாவட்டத்தின் பொறுப்பில் உள்ளவை. கூட்டுச் சீட்டில் பார்க்கலாம். இதில் காலா பிளாசிடியாவும் நியோனியன் மண்டபமும் மிகச் சிறியவை. அவற்றுக்கு மட்டும் முன்பதிவின்போதே நேரம் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். தியோடோரிக் கல்லறை, ஏரியனிய ஞானஸ்நான மண்டபம், நகருக்கு வெளியே கிளாஸேயில் உள்ள இன்னொரு சாந்த் அப்போலினாரே தேவாலயம் ஆகியவை இந்தச் சீட்டில் வராது. குளிர்காலத்தில் எல்லாமே சீக்கிரம் மூடிவிடும்.

3. ரயில்

போலோன்யாவிலிருந்து பிராந்திய ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். இருக்கை முன்பதிவு இல்லை, கட்டணமும் ஏறி இறங்காது. அன்றைக்கே சீட்டு வாங்கிக்கொள்ளலாம். காகிதச் சீட்டு என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். கைபேசிச் சீட்டு என்றால் ரயில் ஏறும் முன் செக்-இன் செய்யுங்கள். மறந்தால், காசு கொடுத்து வாங்கிய சீட்டுக்கே அபராதம் விழும்.

போலோன்யாவில் அதிவேக ரயில்கள் ஆழமான சுரங்க நடைமேடையில் நிற்கும். மேலே ஏறி வரவே நேரம் பிடிக்கும் என்பதால் அடுத்த ரயிலுக்கு 25 நிமிடமாவது விடுங்கள். அறிவிப்புப் பலகையில் நடைமேடை எண்ணோடு 'எஸ்த்' என்று இருந்தால் அது நிலையத்தின் கிழக்குக் கோடியில் தனியாக இருப்பது.

அறையை ராவென்னா நிலையத்துக்கும் போப்போலோ சதுக்கத்துக்கும் நடுவில் எடுங்கள். நகரத்துக்குள் எல்லாம் நடைதான்.

4. பார்க்கும் வரிசை

முதல் நாள் மாலை, அறையில் பையை வைத்துவிட்டு இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கல்லறைக்குப் போங்கள். அவர் 1321-இல் இங்கேதான் இறந்தார், அனுமதி இலவசம். பக்கத்திலேயே சான் பிரான்செஸ்கோ தேவாலயம். தரை தாழ்ந்து நிலத்தடி நீர் ஏறியதால் அதன் நிலவறை நீரில் மூழ்கியிருக்கிறது. உள்ளே மீன்கள் நீந்தும், அடியில் பழைய மொசைக் தரை தெரியும். விளக்கு எரிய நாணயம் போட வேண்டும். சில்லறை கையில் இருக்கட்டும்.

இரண்டாம் நாள் காலையில் முதலில் காலா பிளாசிடியா. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல் பதித்திருப்பதால் உள்ளே மங்கல் வெளிச்சம்தான். கூட்ட நாட்களில் சில நிமிடங்களே நிற்க விடுவார்கள். நுழைந்ததும் கேமராவைத் தூக்காதீர்கள். கண் பழகட்டும், கருநீல விதானத்தில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். அடுத்து அதே வளாகத்தில் 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலே. இங்கே அவசரப்படாமல் ஒரு மணி நேரம் கொடுங்கள். பீடத்தின் ஒருபுறம் மொசைக்கில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன், எதிரே அவர் மனைவி தியோடோரா. இருவருமே இந்த ஊருக்கு வந்ததில்லை. சில்லுகளைச் சற்றுச் சாய்த்துப் பதித்திருப்பதால் நீங்கள் நகர நகரப் பொன் மினுங்கும். ஒரே இடத்தில் நின்றால் இது தெரியாது. சிறிய பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை தேவை.

மதிய உணவுக்குப் பிறகு நியோனியன் மண்டபம், பிறகு சாந்த் அப்போலினாரே நுவோவோ. அங்கே தியோடோரிக் அரண்மனை மொசைக்கைத் தேடுங்கள். ஆட்சி மாறியதும் அதிலிருந்த மனிதர்களை எடுத்துவிட்டுத் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். ஆனால் தூண்களின் மேல் சில கைகள் மட்டும் இன்னும் மிச்சமிருக்கின்றன!

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. இந்த ஊரின் பியாதினா ரொட்டி மாவில் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். வேண்டாதவர்கள் "சென்ஸா ஸ்த்ருத்தோ" (பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று கேளுங்கள். எண்ணெயில் செய்ததும் பல கடைகளில் உண்டு. ஸ்குவாக்குவெரோனே பாலாடைக்கட்டியும் ருகோலா கீரையும் வைத்ததில் இறைச்சி இருக்காது; ஆனால் அந்தப் பாலாடைக்கட்டியைத் திரிக்க வழக்கமாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைச் சேர்ப்பார்கள் என்பதைச் சைவர்கள் கவனியுங்கள். மதியம் இரண்டரைக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும்.

மூன்றாம் நாள் காலை கிளாஸேயில் உள்ள சாந்த் அப்போலினாரே தேவாலயம். ரயிலில் ஒரே நிறுத்தம், அல்லது நிலையத்திலிருந்து 4-ஆம் எண் பேருந்து. பசும்புல்வெளியும் ஆட்டுக்குட்டிகளுமாக இருக்கும் அந்தப் பீட மொசைக்கை முற்பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ரயில்கள் அடிக்கடி கிடையாது, ஞாயிறன்று பேருந்தும் குறைவு. திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்ட பிறகே தேவாலயத்துக்குள் போங்கள். பெட்டியை விடுதியிலேயே விட்டு வந்தால், திரும்பி வந்து நிதானமாக எடுத்துக்கொண்டு போலோன்யா ரயிலைப் பிடிக்கலாம்.