"பழகிப்போச்சு"ன்னு சொன்னா காது போயிட்டு இருக்குன்னு அர்த்தம்: டிராக்டர், டில்லர் ஓட்டுறவங்க பண்ற தப்புகள்

எங்க ஊர்ல சேறடிக்க வர்ற டிரைவர் அண்ணன்கிட்ட "இந்த சத்தத்துல எப்படிண்ணே ஓட்டுறீங்க"ன்னு கேட்டா, "அதெல்லாம் பழகிருச்சுப்பா"ம்பாரு. பெரிய தப்பே அதான். காதுக்குள்ள மயிரிழை மாதிரி இருக்குற செல்லு சாகுது, செத்தது திரும்ப முளைக்காது. முதல்ல அடி வாங்குறது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சுன்னு கேக்குற மெல்லிசான சத்தம், அதனால இன்ஜின் சத்தம் நல்லாவே கேக்கும், பேத்தி பேசுறது மட்டும் என்ன வார்த்தைன்னு புரியாது.

சத்தத்த டெசிபல்னு அளப்பாங்க, 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம்னு ஒரு கணக்கு இருக்கு, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாயிரும், அப்போ 94ன்னா ஒரு மணி நேரம்தான். கேபின் இல்லாத டிராக்டர் லோடு இழுக்குறப்ப 90 தாண்டறது சர்வ சாதாரணம். மீட்டர் வேணாம், கைக்கெட்டுற தூரத்துல நிக்கிறவன்கிட்ட கத்திப் பேச வேண்டியிருந்தா சத்தம் ஓவர்னு வச்சுக்கங்க.

பஞ்சு அடைக்கிறது வேஸ்ட், சத்தம் பெருசா குறையாது. ஃபோம் பிளக்கை விரலால நல்லா உருட்டி, இன்னொரு கையால காது மடலை மேல இழுத்துப் பிடிச்சு உள்ள விட்டு, அது விரியுற வரைக்கும் அமுக்கிப் பிடிக்கணும், பாதி வெளிய தொங்குனா போட்டும் பிரயோஜனமில்ல. இதுல நம்மாளு இன்ஜினுக்கு மேல கேக்கணும்னு பாட்டை வேற அலற விடுறது, அட போங்கப்பா. கெத்துக்கு சைலன்சர கழட்டுறவங்கள பத்தி பேசவே வேணாம்.

பவர் டில்லர்ல கதை வேற, அங்க கைதான் மாட்டும். ஹேண்டில இறுக்கிப் பிடிச்சாத்தான் கண்ட்ரோல்னு நினைக்கிறோம், ஆனா பிடி எவ்ளோ இறுகுதோ அவ்ளோ அதிர்வு கைக்குள்ள ஏறும். கிளவுஸ் போட்டா போதும்னு நம்பாதீங்க, டில்லரோட மெதுவான அதிர்வை அது பெருசா தடுக்காது. லூஸான இன்ஜின் போல்ட்டையும் தேஞ்ச ரப்பரையும் பாருங்க, ஆள் மாத்தி ஓட்டுங்க.

டிராக்டர்ல குஷன் கிழிஞ்ச சீட்டுல சாக்கை மடிச்சுப் போட்டு உக்காந்து, நாள் முழுக்க பின்னாடி ரோட்டவேட்டர திரும்பித் திரும்பிப் பாத்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்? சீட்டுக்கு அடியில ஆளோட வெயிட்டுக்கு ஏத்த மாதிரி திருகுற செட்டிங் இருந்தா அதை செட் பண்ணுங்க, நிறைய பேர் வண்டி வாங்குன நாள்லேர்ந்து தொட்டிருக்கவே மாட்டாங்க.

மார்கழி காலைல விரல் நுனி வெளுத்து மரத்துப்போனா பனின்னு விட்டுறாதீங்க, டில்லர் அதிர்வால வந்ததா இருக்கலாம். பீடி, சிகரெட் பிடிச்சா அது இன்னும் மோசமாகும். டாக்டர்கிட்ட போறப்ப எந்த மெஷின், தினம் எத்தன மணி நேரம்னு நீங்களே சொல்லணும், சொல்லலைன்னா சுகரா இருக்கும்னு டெஸ்ட் எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாரு.