கார்புரேட்டர் வழிந்ததற்குக் காரணம் மிதவை

படகின் பின்னால் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார். பெட்ரோலை ஏற்றும் ரப்பர் பல்பை அமுக்கினாலே, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் வாய் வழியாகப் பெட்ரோல் கொட்டும். பிளக் நனைந்து ஸ்டார்ட் ஆகாது. உள்ளே வரும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வையும் அது உட்காரும் சீட்டையும் மாற்றினேன். பெட்ரோலில் மிதந்து எழும்பி அந்த வால்வை மூடும் மிதவையின் உயரத்தைச் சரிசெய்தேன். கழற்றி மாட்டினால் அன்றைக்கு ஒழுங்காக ஓடும், மறுநாள் மறுபடி வழியும். நான்கு நாள் இப்படியே போனது.

அந்த ஒரு நாள் இடைவெளிதான் துப்பு. மிதவை தக்கையால் ஆனது; மேல்பூச்சு ஓரிடத்தில் உரிந்திருந்தது. கழற்றி வைத்தால் காய்ந்து லேசாகிவிடும். உள்ளே போனதும் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துத் தாழும், வால்வு முழுதாக மூடாது. ராத்திரி முழுக்கப் பெட்ரோலில் ஊறப்போட்டுப் பார்த்தேன்: பாதிக்கு மேல் மூழ்கிக் கிடந்தது. அப்புறம் பிளாஸ்டிக் மிதவை மாட்டி, உயரத்தைப் புதிதாக அளந்து வைத்தேன். இப்போது ஒரு சொட்டுகூட வழிவதில்லை. அப்பாடா!