சென்னையில் ஓடுபவர்களுக்கு நீரும் உணவும்: தொடக்கநிலைச் செய்முறை

ஓடத் தொடங்கியவர்கள் சில வாரங்களுக்குள் கேட்டுவிடும் கேள்வி, எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது. ஒரே வேகத்தில் அருகருகே ஓடும் இருவரில் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டரும் மற்றவருக்கு ஒன்றரை லிட்டரும் வியர்க்கக்கூடும் என்பதால், பிறர் சொல்லும் அளவை அப்படியே பின்பற்றுவதில் பயனில்லை. உங்களுக்குரிய அளவை நீங்களே கண்டறியலாம். அதற்கு வீட்டில் ஓர் எடைக் கருவி இருந்தால் போதும்.

சென்னையில் இந்தக் கணக்கு கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. விடியற்காலை 5 மணிக்கு மெரினாவில் வெயில் இல்லையென்றாலும், காற்றின் ஈரப்பதம் பல நாட்களில் 80 விழுக்காட்டைத் தொடுகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. சொட்டிக் கீழே விழும் வியர்வையால் அந்தப் பயன் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் கொடியில் காயாத துணியைப் போல இங்கே தோல் ஈரமாகவே இருப்பதால், உடல் மேலும் மேலும் வியர்வையைச் சுரந்துகொண்டே போகிறது.

படி 1: வியர்வையை அளத்தல்

ஒரு மணி நேரம் ஓடப்போகும் நாளைத் தேர்ந்தெடுங்கள். சிறுநீர் கழித்த பிறகு, மிகக் குறைந்த உடையுடன் எடை பாருங்கள். ஓடும்போது குடிக்கும் தண்ணீரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் வியர்வையைத் துடைத்து, நனைந்த உடையைக் களைந்துவிட்டு மீண்டும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வைக்குச் சமம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 300 மில்லி குடித்து ஓடிய பின் 68.9 கிலோ இருந்தால், அவர் இழந்தது 1.1 லிட்டரும் குடித்த 0.3 லிட்டரும் சேர்ந்த 1.4 லிட்டர்.

படி 2: அந்த எண்ணைக் குடிக்கும் அளவாக மாற்றுதல்

இழந்த அனைத்தையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. உடல் எடையில் சுமார் 2 விழுக்காட்டுக்கு மேல் நீரிழப்பு போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மேலே சொன்ன 70 கிலோக்காரருக்கு அந்த வரம்பு 1.4 கிலோ, ஆகவே ஒரு மணி நேர ஓட்டத்தில் அவர் தாகத்துக்கு இரண்டு வாய் குடித்தாலே சமாளித்துவிடுவார். இரண்டு மணி நேரம் ஓடினால் இழப்பு 2.8 லிட்டராகும் என்பதால், மணிக்கு 700 மில்லியாவது உள்ளே போக வேண்டும்; அதாவது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய டம்ளர் அளவு. பெசன்ட் நகர்க் கடற்கரையில் சுற்றுச் சுற்றாக ஓடுபவர்கள் வண்டியில் பாட்டிலை விட்டுவைக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேராக நெடுந்தூரம் செல்பவர்களுக்கு இடுப்புப் பட்டையில் மாட்டும் பாட்டில்தான் வழி.

அதிகமாகக் குடிப்பதும் ஆபத்து என்பதைப் பலர் அறிவதில்லை. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடியவர்களிடமே இது மிகுதியாகக் காணப்பட்டது. ஓடி முடித்ததும் உங்கள் எடை கூடியிருந்தால், தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

படி 3: உப்பைச் சேர்த்தல்

ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் வெளியேறுகிறது. ஆளுக்கு ஆள் இது பெரிதும் வேறுபடும். ஓடி முடித்த பின் தொப்பியிலும் பனியனிலும் வெள்ளைத் தடம் படிந்தால், நீங்கள் உப்பை அதிகம் இழப்பவர். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு வெறும் தண்ணீரே போதும். அதற்கு மேல் ஓடும் நாட்களுக்கு வீட்டிலேயே பானம் தயாரித்துக்கொள்ளலாம்: ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 12 தேக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு. கடையில் வண்ண வண்ணமாகக் கிடைக்கும் பொடிகளில், தொடக்கநிலையினருக்கு இதைவிடக் கூடுதலாக எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இளநீரைப் பற்றி ஒரு சொல். அதில் பொட்டாசியம் தாராளமாக இருக்கிறது. வியர்வையில் நாம் பெரிதும் இழக்கும் சோடியமோ குறைவு. ஆகவே ஓட்டத்துக்குப் பின் இளநீர் குடிப்பவர்கள் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள்ளலாம், அல்லது உப்புப் போட்ட நீர்மோரைக் குடிக்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் வயிற்றுப்போக்கு நோயாளிக்காக வகுக்கப்பட்டது. அதில் சர்க்கரை குறைவு, உப்பு அதிகம். அதைப் பொட்டலத்தில் சொல்லியிருக்கும் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு உள்ளவர்கள் இந்தப் படியை மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

படி 4: ஓடும் முன் உண்ணுதல்

45 நிமிட ஓட்டத்துக்கு வெறும் வயிறு தடையில்லை. நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய இரவு சோறோ இட்லியோ வயிறார உண்டு, காரமும் எண்ணெயும் குறைத்துக்கொள்ளுங்கள். காலையில் புறப்படுவதற்கு முக்கால் மணி நேரம் முன் ஒரு வாழைப்பழம், அல்லது இரண்டு இட்லியைச் சிறிது சர்க்கரை தொட்டு உண்ணலாம். சாம்பாரும் சட்னியும் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். பழக்கமுள்ளவர்கள் ஃபில்டர் காபியை விட வேண்டியதில்லை. ஆனால் அது வயிற்றைக் கலக்கும் இயல்புடையவர்கள், கடற்கரையில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையும் யோசித்துவிட்டுக் குடிப்பது நல்லது.

படி 5: ஓடும்போது உண்ணுதல்

தசைகளிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன், சுமார் 500 கிராம்தான். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் அந்த இருப்பு வேகமாகக் கரைவதால், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். மேற்சொன்ன எலுமிச்சைப் பானத்தில் 600 மில்லி குடித்தால் சுமார் 30 கிராம் கிடைத்துவிடும். மீதிக்குக் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழமோ வாழைப்பழமோ உதவும்; நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு இருக்கிறது. கடலைமிட்டாய் நல்ல தின்பண்டம்தான், ஆனால் அதிலுள்ள கொழுப்பு செரிக்க நேரமாகும் என்பதால் ஓட்டம் முடிந்த பிறகே அதற்கு இடம். களைத்த பிறகு உண்பதைவிட, 40ஆவது நிமிடத்திலிருந்தே சிறிது சிறிதாகத் தொடங்குவது மேல்.

படி 6: ஓடிய பின்

குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, அடுத்த சில மணி நேரத்தில் பரவலாகக் குடியுங்கள். காலை உணவில் 20 முதல் 25 கிராம் புரதம் அமையட்டும்: பொங்கல் மட்டும் உண்டால் இந்த அளவு வராது, உடன் முட்டையோ சுண்டலோ தயிரோ வேண்டும். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவதைத் தவிருங்கள். நீர் குறைந்த நிலையில் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஓட்டத்தின்போதோ பிறகோ குழப்பம், தள்ளாட்டம், தொடர் வாந்தி, நிற்காத தலைவலி ஆகியவை தோன்றினால், தண்ணீரை மேலும் மேலும் புகட்டாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

படி 7: மீண்டும் அளத்தல்

வெயிலுக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். பழகிய பின் வியர்வை முன்னதாகவே தொடங்கும், அதன் அளவும் கூடும், அதிலுள்ள உப்பு குறையும். ஆகவே ஜனவரியில் சென்னை மாரத்தானுக்குத் தயாராகும்போது எழுதிவைத்த எண், அக்னி நட்சத்திரக் காலத்துக்குப் பொருந்தாது. டிசம்பரில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை, உங்கள் வேகம் குறிப்பிடத்தக்க அளவு கூடியபோது மற்றொரு முறை என முதல் படியைத் திரும்பச் செய்து, புதிய எண்ணைக் கொண்டு இரண்டாம் படியின் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.