வட கரோலினா கிராமப்புறத்தில் நடுநிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுக்க

கிராமப்புறக் கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பகுதிகள்) அரசு நடுநிலைப் பள்ளிகள் சிலவே இருக்கும். பிள்ளைக்கு எது என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரிதான் தீர்மானிக்கும். ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே ஒப்பிட்டுவிடுங்கள்.

மாநிலக் கல்வித் துறையின் ஸ்கூல் ரிப்போர்ட் கார்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஏ முதல் எஃப் வரை கிரேடு உண்டு. நூற்றுக்கு 85 மதிப்பெண் முதல் ஏ, 70 முதல் பி, 55 முதல் சி. அதோடு நின்றுவிடாதீர்கள். அந்த மதிப்பெண்ணில் 80 சதவீதம் தேர்வுகளில் பிள்ளைகளின் தேர்ச்சிக்கு, 20 சதவீதமே வளர்ச்சிக்கு. தேர்ச்சி பெரும்பாலும் குடும்ப வருமானத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். பள்ளி ஒரு வருடத்தில் பிள்ளைகளை எவ்வளவு முன்னேற்றியது என்று சொல்வது வளர்ச்சிதான். அதில் எதிர்பார்ப்பை மிஞ்சிய சி பள்ளி, எட்டாத பி பள்ளியைவிட மேல்.

சிறிய பள்ளியில் எண்கள் ஆடும். எட்டாம் வகுப்பில் 60 பேர் என்றால், மூன்று பேரின் தேர்வு முடிவு மாறினாலே 5 சதவீதப் புள்ளி நகர்ந்துவிடும். அதனால் மூன்று வருட முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பிறகு பள்ளிக்கு போன் போடுங்கள். எட்டாம் வகுப்பில் மேத் 1 (உயர்நிலைப் பள்ளியின் முதல் கணக்குப் பாடம்) உண்டா, நேரில் நடத்துகிறார்களா, ஆன்லைனா? அது இல்லாவிட்டால் பன்னிரண்டாம் வகுப்புக்குள் கால்குலஸ் எட்டுவது நெருக்கடியாகும். கணக்கு, அறிவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

பஸ் நேரத்தைக் கவுண்டியின் பள்ளிப் போக்குவரத்து அலுவலகத்தில், சரியான முகவரி கொடுத்துக் கேளுங்கள். மாலைப் பயிற்சிகளுக்குப் பிறகு பஸ் இல்லையென்றால் நீங்கள்தான் போய் அழைத்து வர வேண்டும்.