சைக்கிளில் வேலைக்குப் போகப் பை வாங்கும்போது செய்யக்கூடாதவை

பலரும் கடைக் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று மாட்டிப் பார்த்துத்தான் பை வாங்குகிறார்கள். சைக்கிளில் யாரும் அப்படி நிமிர்ந்து உட்காருவதில்லையே! உயரமான முதுகுப்பை, நாம் குனிந்ததும் மேலேறி ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் இடிக்கும். கடையிலேயே பையை நிரப்பி, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோலக் குனிந்து, பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பிப் பாருங்கள். தலை திரும்பவில்லை என்றால் அந்தப் பை வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

ஒற்றைப் பட்டைத் தோள்பையில் வேறு தொல்லை. மிதிக்க மிதிக்கச் சரிந்து வயிற்றுப் பக்கம் வந்துவிடும். அதை இழுத்துப் பிடிக்க இன்னொரு குறுக்குப் பட்டை இருந்தால் பரவாயில்லை.

முதுகில் வலை வைத்த பை வியர்வையைக் குறைக்கும், நிறுத்தாது. லேப்டாப், சாப்பாடு, மாற்றுத்துணி என்று தினமும் கனம் இருந்தால் சுமையைக் கேரியருக்கு மாற்றிவிடுவதே நல்லது. ஆனால் பக்கவாட்டில் தொங்கும் பையை உங்கள் சைக்கிளில் மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். சின்னச் சட்டம் கொண்ட சைக்கிளில் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் தட்டும். கொக்கிகளைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். கொக்கியின் வாய் கேரியர் கம்பியைவிட அகலமாக இருந்தால் பை ஆடி, வழியெல்லாம் கடகடவென்று சத்தம் போடும். கேரியர் எவ்வளவு கிலோ தாங்கும் என்று பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். பையின் எடையும் அந்தக் கணக்கில்தான் வரும்.

மழைக்குத் தாங்கும் துணி என்பதை மட்டும் நம்ப வேண்டாம். துணி தாங்கினாலும் தையலிலும் ஜிப்பிலும் தண்ணீர் இறங்கும். மேலே போடும் மழை உறை முதுகுப் பக்கத்தை மூடாது. மட்கார்டு இல்லாத சக்கரம் கீழிருந்து வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீருக்கு அது எம்மாத்திரம்? வாயை இரண்டு மூன்று சுற்றுச் சுருட்டி மூடும், தையல் இல்லாமல் ஒட்டிய பைதான் நம்பகம்.

கேரியர் மேல் வைத்த பை பின்விளக்கை மறைக்கிறதா என்று இருட்டில் ஒருமுறை தள்ளி நின்று பாருங்கள். அப்புறம், தொங்கும் பட்டை நுனிகள். ஸ்போக்கில் சிக்கினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். மிச்சத்தை வெட்டிவிடலாம், நைலான் பட்டை என்றால் வெட்டிய நுனியை நெருப்பில் லேசாகக் காட்டினால் நூல் பிரியாது.