பார்வை மங்கிய ஆயாவும் டேப்லெட்டில் கோலம் போடலாம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு எதையும் பெரிதாக்கிக் காட்டினால் போதும் என்று நினைக்கிறோம். சிலருக்கு அதுவே இடைஞ்சல். அதனால் டேப்லெட்டைக் கையில் எடுக்கும் முன் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், ஒரு கேள்வி.

1. எங்கே மறைக்கிறது?

"ஆயா, என் மூஞ்சப் பாரு. நடுவுல மறைக்குதா, ஓரத்துல மறைக்குதா?" என்று கேளுங்கள்.

நடுவில் மறைத்தால், விழித்திரையின் மையம் தேய்ந்திருக்கலாம். இவர்களுக்குப் பெரிதாக்குவது உதவும். தலையைக் கொஞ்சம் திருப்பி ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். "நேரா பாரு" என்று திருத்தாதீர்கள். ஓரம் மறைவது கண் நரம்பைப் பாதிக்கும் கிளாக்கோமா நோயில் நடக்கும். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரிதான் அவர்களுக்குத் தெரியும். படத்தைப் பெரிதாக்கினால் ஒரு துண்டுதான் கண்ணில் படும். சின்னதாக்கி, சற்றுத் தள்ளி வையுங்கள். சர்க்கரை நோயால் பார்வை பாதித்தவர்களுக்குத் திட்டுத்திட்டாக மறைக்கலாம். அங்கே இரண்டையும் செய்து பார்த்து, எது வசதி என்று அவர்களையே சொல்லவிடுங்கள்.

2. உட்காரும் இடம்

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் நெருக்கமான வீடுகள் பலவற்றில் வாசல் வழியாகத்தான் வெளிச்சம் வரும். அது பக்கவாட்டில் விழும்படி ஆயாவை உட்கார வையுங்கள். வாசல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பளபளக்கும். கண்ணுக்கு நேரே இருந்தால் கூசும்.

3. கோலத்துக்குத் திரையைத் தயார்செய்தல்

ஏன் கோலம்? வாசலில் பல வருஷம் போட்ட கை. கண் தடுமாறினாலும் விரலுக்கு வழி தெரியும்.

ஸ்கெட்ச்புக் போன்ற இலவச வரைபடச் செயலி ஒன்றை நிறுவுங்கள். பின்னணியைக் கறுப்பாக்கி, வெள்ளைத் தூரிகையை நன்றாகத் தடிமனாக்குங்கள். பச்சையும் நீலமும் இப்போது வேண்டாம். வயதாகும்போது கண்ணின் லென்ஸ் மஞ்சளாவதால் அவை ஒன்றுபோலத் தெரியலாம். ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளியை நீங்களே வைத்துக் கொடுங்கள். புள்ளிகளுக்கு நடுவே தாராளமாக இடம் இருக்கட்டும். பிறகு கருவிப்பட்டையை மறைத்துவிடுங்கள். அந்தச் சின்னச் சின்னப் படக்குறிகளைத் தேட வைப்பதில்தான் பலரும் சோர்ந்து எழுந்து போகிறார்கள்.

விரல் நுனி காய்ந்திருந்தால் தொடுதிரை சரியாகப் பதியாது. ஈரத்துணியில் விரலை லேசாகத் தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது ரப்பர் முனையுள்ள தடித்த ஸ்டைலஸ் (தொடுதிரையில் வரையும் பேனா) கொடுங்கள். கோடு விலகினால் அவர்கள் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "இன்னும் கொஞ்சம் மேல, ஆயா" என்றாலே போதும்.

சமச்சீர் வசதியைப் போட்டால் ஒரு பக்கம் வரைந்தது மறுபக்கமும் விழும். முதல் கோலத்துக்கு அது வேண்டாம் என்பேன். தன் கையால் முழுசாகப் போட்ட திருப்தியை அது கெடுத்துவிடும்.

4. படம் பார்க்க

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அணுகல்தன்மை, பெரிதாக்கல் என்று போங்கள். குறுக்குவழியாக மூன்று முறை தட்டுவதைத் தேர்ந்தெடுத்தால், தட்டியதும் திரை பெரிதாகும். இரண்டு விரலால் நகர்த்தலாம். வரையும்போது இதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புள்ளி வைக்கும்போதெல்லாம் திரை குதிக்கும். நிறங்களைத் தலைகீழாக்கும் வசதி எழுத்து வாசிக்க நல்லது. ஓவியத்துக்குக் கூடாது, அசல் நிறமே போய்விடும்.

பார்க்கும்போது வாயால் சொல்லுங்கள். முதலில் முழுப்படம், பிறகு கடிகார முள் கணக்கில் இடம்: "பன்னெண்டு மணி பக்கம் வானம், மூணு மணி பக்கம் ஒரு விசைப்படகு." சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அடுத்து எதைப் பார்ப்பது என்று அவர்கள் கேட்கட்டும்.

5. ஒரு எச்சரிக்கை

நேர்ப்புள்ளி வரிசை திடீரென்று வளைந்து நெளிந்து தெரிவதாக ஆயா சொன்னால் கோலத்தை நிறுத்திவிட்டு, அன்றைக்கே கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். விழித்திரை மையத்தில் கோளாறு என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். 1819 முதல் இயங்கும் எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிக்கு வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் வண்டி மாறிப் போகலாம்.