ராக் பதிவுகளின் கிட்டார் சோலோக்களைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

ராக் பாடல்களில் உங்களுக்குப் பிடித்த கிட்டார் சோலோ (கிட்டார் முன்னின்று தனித்து வாசிக்கும் பகுதி) எது என்று கேட்டால், பெரும்பாலோர் அந்த ஒரு நிமிடப் பகுதியை மட்டும் தனியாகத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகியதை வைத்தே பதில் சொல்கிறார்கள். ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவான சோலோவுக்கு இது போதாது. பாடலில் அதற்கு முன் என்ன பாடப்பட்டது, அடியில் எந்த கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகள்) ஓடுகின்றன, முடிந்ததும் பாடல் எங்கே போகப்போகிறது என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு, பல முறை வாசித்துப் பார்த்து, வேண்டாததை நீக்கி, அந்த இடத்தில் வைக்கப்பட்ட பகுதி அது. ஆகவே ஒரே பாடலைச் சில முறை கேட்பதும், ஒவ்வொரு முறையும் காதை வேறொன்றில் நிறுத்துவதும், கேட்டதை ஒரு வரியில் எழுதிவைப்பதும்தான் நான் பரிந்துரைக்கும் முறை. இதற்குக் கிட்டார் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் சரியான பதிவைத் தேடிக்கொள்ள வேண்டும். வானொலிக்காகவும் சிங்கிள் (பாடலைத் தனியாக வெளியிடுவது) வெளியீட்டுக்காகவும் பாடல்களைச் சுருக்கியபோது முதலில் கத்தரிக்கப்பட்டவை பெரும்பாலும் சோலோக்களே. லின்யர்ட் ஸ்கின்யர்ட் குழுவின் 'ஃப்ரீ பேர்ட்' 1973 ஆல்பத்தில் 9 நிமிடங்களுக்குச் சற்று மேல் ஓடுகிறது. சிங்கிளாக வந்தபோது அது ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அந்தச் சுருக்கப் பதிவை மட்டும் கேட்டவருக்கு அந்தப் பாடலின் புகழ் எதனால் என்பது விளங்காது. எனவே பாடலின் நீளத்தைச் சரிபார்த்து, ஆல்பத்தில் உள்ள முழுப் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். மேடைப் பதிவுகளை வேறொரு பட்டியலுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்' இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: 1983 ஆகஸ்டில் மினியாபொலிஸில் மேடையில் பதிவானதை அடித்தளமாகக் கொண்டு, பிறகு ஒலிப்பதிவுக்கூடத்தில் வெட்டியும் சேர்த்தும் முடித்தார்கள். அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதை உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன். நான் மேடைப் பட்டியலில்தான் வைப்பேன்.

முதல் முறை பாடலைத் தொடக்கத்திலிருந்து, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். அப்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: சோலோ தொடங்குவதற்குச் சற்று முன் யார், என்ன பாடிக்கொண்டிருந்தார்? பிங்க் ஃபிளாய்ட் குழு 1979-இல் வெளியிட்ட 'கம்ஃபர்டப்ளி நம்' இதற்கு மிகச் சிறந்த பாடம். அந்தப் பாடலில் ஒரு மருத்துவரும் ஒரு நோயாளியும் பேசிக்கொள்கிறார்கள். மருத்துவரின் சரணங்களை ரோஜர் வாட்டர்ஸ் பி மைனரில் (சோகச் சாயல் கொண்ட சுர அமைப்பு) பாடுகிறார்; நோயாளியின் பல்லவியை, குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் டி மேஜரில் (அதைவிடத் தெளிச்சியான சுர அமைப்பு) பாடுகிறார். கில்மோரின் சோலோ இரண்டு. முதலாவது, முதல் பல்லவி முடிந்த கையோடு, அதே பல்லவியின் மேஜர் கார்டுகள் மீது வருகிறது. தந்தி வாத்தியங்களின் மேல் மிதந்தபடி, பாடிய குரலே சொல் இல்லாமல் தொடர்வதுபோல் ஒலிக்கிறது. இரண்டாவது, கடைசிப் பல்லவிக்குப் பிறகு வருகிறது; ஆனால் இம்முறை கீழே ஓடுபவை மருத்துவரின் சரணத்துக்கு உரிய பி மைனர் கார்டுகள். நோயாளிக்குக் குரல் கொடுத்தவரின் கிட்டார், மருத்துவரின் கார்டுகளுக்குள் சிக்கிக்கொண்டு கத்துகிறது என்றே நான் அதைக் கேட்கிறேன். அந்த இரண்டாம் சோலோவை மட்டும் வெட்டியெடுத்துக் கேட்பவருக்கு அருமையான ஒலி கிடைக்கும். ஆனால் அந்த இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடாது.

இரண்டாம் முறை கேட்கும்போது, கிட்டாரை ஓரமாக விட்டுவிட்டுக் கீழே தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரைப் பின்தொடருங்கள். பேஸ் எப்போது புதிய சுரத்துக்கு மாறுகிறதோ, அப்போதுதான் பெரும்பாலும் கார்டும் மாறுகிறது. அந்த நொடியில் சோலோ எந்தச் சுரத்தில் வந்து இறங்குகிறது என்பதைப் பாருங்கள். லெட் ஸெப்பலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாடலில் (1971) சோலோவின் அடியில் ஏ மைனர், ஜி, எஃப் என்ற மூன்று கார்டுகளே சுற்றிச்சுற்றி வருகின்றன. ஜிம்மி பேஜ் வாசிப்பதில் பெரும்பகுதி ஏ மைனரின் ஐந்து சுர வரிசைதான். அந்த வரிசையில் எஃப் சுரம் கிடையாது. ஆனால் எஃப் கார்டு வரும் இடங்களில் அவர் அந்தச் சுரத்தைத் தேடிப்போய்த் தொடுகிறார். ஐந்து சுரங்களை மேலும் கீழுமாக ஓட்டுபவருக்கும் பாடலைக் கேட்டுக்கொண்டே வாசிப்பவருக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒற்றைச் சுரத்தில் தெரிந்துவிடுகிறது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' (1978) பாடலின் கடைசி சோலோவையும் இதே முறையில் கேட்கலாம். பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரல்களாலேயே வாசிக்கும் மார்க் நாஃப்ளர், முடிவை நெருங்கும்போது, அடியில் மாறும் ஒவ்வொரு கார்டின் சுரங்களையும் பிரித்துப் பிரித்து விரைவாக உதிர்க்கிறார். பின்னணியை முழுவதுமாக அடைத்துவிட்டாலும் கார்டுகள் மாறுவது அந்த ஒரு கிட்டாரிலேயே கேட்கும்.

ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' (1976) இந்தப் பயிற்சிக்கு இன்னும் எளிது; சரணத்தில் ஓடும் எட்டு கார்டுகளின் சுற்றே சோலோவிலும் ஓடுகிறது. டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறிமாறி வாசித்து, இறுதியில் இருவரும் சேர்ந்து, இணை சுரங்களில் கார்டுகளைப் பிரித்து வாசித்தபடியே பாடலோடு தேய்ந்து மறைகிறார்கள். இருவருள் யார் எந்த இடத்தில் நுழைகிறார் என்பதை இடது, வலது காதுகளைப் பிரித்துக் கேட்டுக் கண்டுபிடியுங்கள். இதற்கு ஹெட்போன் வேண்டும்.

மூன்றாம் முறை, கேட்டு முடித்ததும் ஒலியை நிறுத்திவிட்டு, சோலோவை வாயால் முணுமுணுத்துப் பாருங்கள். எவ்வளவு நினைவில் நிற்கிறது? வேகத்தின் மீது எனக்கு வெறுப்பு ஏதும் இல்லை. ஆயினும் முணுமுணுக்க ஒரு துண்டுகூட மிஞ்சாத சோலோவைப் பட்டியலில் சேர்க்க நான் தயங்குவேன். நிர்வாணாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' (1991) பாடலில் கர்ட் கோபேன் வாசிப்பது ஏறத்தாழ சரணத்தின் பாட்டு மெட்டேதான். வித்தை காட்டும் சோலோக்கள் குவிந்திருந்த காலத்தில் அது ஒரு மறுப்பாகவே ஒலித்தது. குவீன் குழுவின் பிரையன் மே இதற்கு நேர் எதிரான வழியில் போனார். 'பொஹீமியன் ராப்சடி' (1975) பாடலில், பாடிய மெட்டையே கிட்டாரில் திருப்பிச் சொல்ல விரும்பாமல், அதே கார்டுகளின் மேல் இன்னொரு மெட்டை மனத்துக்குள் அமைத்துக்கொண்டு வாசித்தார். இரண்டையுமே எளிதாக முணுமுணுக்க முடிகிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

இதன் பிறகே ஒலிப்பதிவுக்கூடத்தின் கைவேலையைத் தேட வேண்டும். தேடத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது. 'கம்ஃபர்டப்ளி நம்' பாடலின் இறுதி சோலோ ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டதல்ல. கில்மோர் ஐந்தாறு முறை வாசித்துப் பதிவுசெய்துகொண்டு, ஒவ்வொன்றையும் தாளக் கட்டு வாரியாகக் கேட்டு, தாளில் நல்ல இடங்களுக்கு ஒரு சரிக்குறியும், மிக நல்ல இடங்களுக்கு இரண்டும், தேறாதவற்றுக்குப் பெருக்கல் குறியும் போட்டார். பிறகு அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே, மிக்சரில் ஒரு டிராக்கின் (தனிப் பதிவின்) ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) இறக்கி இன்னொன்றின் ஃபேடரை ஏற்றி, ஒரே சோலோவாகக் கோத்தார். இதை அறிந்த பிறகு அந்தப் பாடலை மறுபடி கேட்டு, ஒட்டுப்போட்ட இடம் எங்கே என்று தேடிப்பாருங்கள், கண்டுபிடிப்பது கடினம். ஒட்டுத் தெரியாமல் ஒட்டுவதும் இசையறிவின் ஒரு பகுதியே என்பதால், ஒரே டேக்கில் (ஒருமுறைப் பதிவில்) வாசித்ததுதான் உயர்ந்தது என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

ஒரு சோலோ வழக்கத்துக்கு மாறாகத் தடித்து ஒலித்தால், அது இருமுறை வாசித்து அடுக்கப்பட்டதா என்று கவனியுங்கள். 'ஃப்ரீ பேர்ட்' முடிவில் இரண்டு கிட்டார் கலைஞர்கள் போட்டிபோடுவதுபோல் கேட்பது, ஆல்பத்தைப் பொறுத்தவரை, ஆலன் காலின்ஸ் ஒருவரே தம் வாசிப்பின் மேல் மறுபடி வாசித்துச் சேர்த்தது. சுருதி லேசாக அலைந்தால் அதற்கும் காரணம் இருக்கக்கூடும். பீட்டில்ஸின் 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' பாடலுக்கு 1968 செப்டம்பர் 6 அன்று எரிக் கிளாப்டன் விருந்தினராக வந்து வாசித்தார். தம் வாசிப்பு பீட்டில்ஸ் பாடல்போல ஒலிக்க வேண்டும் என்று அவர் விரும்பியதால், ஒலிக்கலவையின்போது அதன் சுருதியைக் கருவி கொண்டு அலையவிட்டார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' (1968) நடுப்பகுதி சோலோவை நான்காகப் பிரித்துக் கேளுங்கள்: முதலில் நேரான வாசிப்பு, அடுத்துத் தந்தியின் மேல் வழுக்கிச் செல்லும் ஸ்லைடு, மூன்றாவதாக வா-வா பெடலின் (காலால் அழுத்தி ஒலியை மாற்றும் கருவி) வாயசைப்பு, கடைசியில் கார்டுகளைத் தாளமாக வெட்டும் வாசிப்பு. கார்டுகள் மூன்றே, ஒலியின் நிறம் மட்டும் நான்கு முறை மாறுகிறது.

காதைக் கூர்மையாக்க ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால், பீட்டில்ஸின் 'லெட் இட் பி' பாடலின் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டும் 1970-இல் வெளிவந்தன. இரண்டுக்கும் அடித்தளமான வாசிப்பு 1969 ஜனவரியில் பதிவான ஒன்றேதான். சிங்கிளில் இருப்பது ஜார்ஜ் ஹாரிசன் 1969 ஏப்ரலில் வாசித்துச் சேர்த்த சோலோ. சுழலும் ஒலிபெருக்கி வழியே வந்ததால் மென்மையாக, நீரில் அலைவதுபோல் கேட்கிறது. ஆல்பத்தில் இருப்பது அவரே 1970 ஜனவரியில் வாசித்தது. டிஸ்டார்ஷனோடு (கரகரக்கும் ஒலியோடு), ஓரம் கூராக, சற்றுக் கோபத்தோடு வருகிறது. பாடகரும் கிட்டார் கலைஞரும் மாறவில்லை, கார்டுகளும் மாறவில்லை. ஆனால் முதலாவது பாடலின் ஆறுதலுக்குத் துணை நிற்கிறது, இரண்டாவது அதைக் கேள்வி கேட்கிறது. எனக்குச் சிங்கிளில் உள்ளதே பிடிக்கும். உங்களுக்கு மற்றது பிடித்தால், ஏன் என்பதை இரண்டு வாக்கியங்களில் எழுதிப்பாருங்கள். உங்கள் ரசனை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

இனிப் பட்டியல். வரிசை எண் போடாதீர்கள். முதலிடம் யாருக்கு என்ற சண்டையில் கேட்பது நின்றுபோகும். ஒரு கலைஞருக்கு ஒரு சோலோ என்று வரையறுத்துக்கொண்டால், கில்மோரோ பேஜோ பட்டியல் முழுவதையும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். வாசித்தவர் யார் என்பதைச் சரிபார்த்து எழுதுங்கள். 'டாக்ஸ்மேன்' (1966) பாடலை எழுதிப் பாடியவர் ஹாரிசன், ஆனால் அதன் சீறும் சோலோவை வாசித்தவர் பால் மெக்கார்ட்னி. வான் ஹேலனின் 'எரப்ஷன்' (1978) போல, பாடலே இல்லாமல் ஒன்றே முக்கால் நிமிடம் தனியாக நிற்கும் வாசிப்புகளை இதில் கலக்க வேண்டாம். அவற்றை அளக்க வேறு அளவுகோல் தேவை. ஒவ்வொரு பெயரின் எதிரிலும், அந்த சோலோ பாடலுக்கு என்ன செய்கிறது என்பதை மட்டும் குறியுங்கள். 'அற்புதம்', 'மெய்சிலிர்ப்பு' போன்ற சொற்கள் குறிப்பில் எதையும் சொல்வதில்லை. ஸ்டீலி டானின் 'பெக்' (1977) பாடலுக்கு நான் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்: 'பல கிட்டார் கலைஞர்கள் முயன்ற பிறகு ஜே கிரேடன் வாசித்தது நிலைத்தது, பாடல் பளபளப்பாக, ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது இந்த சோலோ மட்டும் தந்திகளை வளைத்துக் கொஞ்சம் குறும்பு செய்துவிட்டு, அடுத்த பல்லவிக்குச் சரியான நேரத்தில் வழிவிடுகிறது.'